கண்டி இளைஞனும் 18 கோடி ரூபாயும்



2025ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16ஆந் திகதி அபுதாபி நகரில் ஓர் ஏலம் நடைபெற்றது. இந்தியன் பிரீமியர் லீக் என்னும் கிரிக்கெட் போட்டிக்காக வீரர்களை விலைக்கு எடுக்கும் ஏலம் அது. கண்டியிற் பிறந்து, கண்டியிற் படித்து, கண்டி மைதானங்களிலே பந்து வீசப் பழகிய மதீஷ பத்திரன என்ற இளைஞரின் பெயர் அங்கே கூறப்பட்டது. ஆரம்ப விலை 2 கோடி இந்திய ரூபாய். டில்லி அணியினரும் லக்னோ அணியினரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையை ஏற்றிக்கொண்டே சென்றனர். பிற்பாடு கொல்கத்தா அணியினர் இடையே புகுந்து, 18 கோடி என்று கூறி, அவரைத் தமதாக்கிக்கொண்டனர். இலங்கை வீரர் எவருக்கும் அந்த லீக்கின் ஏலத்தில் அதற்கு முன்னர் இவ்வளவு பெரிய தொகை கிடைத்ததில்லை. அந்த இளைஞருக்கு 23 வயது நிறைவதற்கு இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன.

இச்செய்தி வந்த மறுநாள் கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் பேருந்தில் எனக்கு அருகே அமர்ந்திருந்த ஒரு பெரியவர், கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "தம்பி, ஒரு பையன் பந்து எறிவதற்கு இவ்வளவு காசா? வாங்கினவனுக்குப் புத்தி மாறாட்டமா, இல்லை எங்களுக்குத்தான் கணக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டார். நான் அப்பொழுது சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விட்டபாடில்லை. கொல்கத்தா அணியினர் அளவுக்கு மிஞ்சிக் கொடுத்துவிட்டார்களா? இன்று அந்தப் பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைத் தங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "இவ்வளவு காசா?" என்று கேட்கும்போது நாம் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிக் கேட்கின்றோம். இலங்கை நாணயத்தில் அந்த 18 கோடி அறுபது கோடிக்கும் சற்று மேலாகிறது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் ஒரு நாட் சம்பளம் 1,350 ரூபாய் என்று அரசாங்கம் வர்த்தமானியிற் பிரசுரித்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், பத்திரனவின் ஒரு பருவகால ஊதியம் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஏறத்தாழ நாலரை இலட்சம் நாட் சம்பளத்துக்குச் சமம். ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டாலும் அவள் 1,500 ஆண்டுகள் மலையேறி இறங்க வேண்டும். இது நியாயமா என்பது ஒரு கேள்வி. அதற்கு விடை எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்ல வானொலிப் பேச்சு வேண்டியதில்லை. ஆயின், அந்தப் பெண்ணின் கூலி குறைந்திருப்பதற்குக் காரணம் அபுதாபியின் ஏலக் கூடத்தில் இல்லை. அந்த 18 கோடி பத்திரனவுக்குப் போகாவிட்டால் ஹந்தானை மலைச் சரிவுக்கு வரப்போவதுமில்லை. வேறொரு பந்துவீச்சாளருக்கே போகும்.

மற்றக் கேள்வி, வாங்கியவனுடைய கேள்வி. விளையாட்டில் வெல்வதற்காகப் பணம் கொடுக்கும் ஒருவன், தான் பெறும் பொருளுக்கு மிஞ்சிக் கொடுத்தானா என்பது. நான் எடுத்துக்கொள்வது இதனையே.

ஏலம் என்பது கண்டி மக்களுக்குப் புதிதன்று. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்தூரத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். 1883ஆம் ஆண்டு கொழும்பில் தேயிலை ஏலம் ஆரம்பமாயிற்று. அன்று தொட்டு இம்மலைகளின் விளைச்சலுக்கு விலை நிர்ணயிப்பது ஏலந்தான். ஆனால் தேயிலை ஏலத்தில் ஒரு வசதி உண்டு. வாங்குவோன் மாதிரியை முன்னரே பெற்று, வெந்நீரில் இட்டு, நாவில் உருட்டிச் சுவைத்துப் பார்த்துவிட்டே கை தூக்குகின்றான். நாளைக்கு அவன் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே இருக்கப்போவது அவன் சுவைத்த அதே தேயிலை. கிரிக்கெட் வீரனை அப்படிச் சுவைத்துப் பார்க்க இயலாது. சென்ற ஆண்டின் ஆட்டத்தைப் பார்த்து அடுத்த ஆண்டின் ஆட்டத்துக்கு விலை கூறுகின்றோம். இடையிலே தசைநார் பிசகலாம், தோள் வலிக்கலாம், கைப்பிடி மாறலாம், மனம் சோரலாம்.

பத்திரனவை அணிகள் எப்படிச் சுவைத்தன என்று பார்ப்போம்.

அவருடைய பந்துவீச்சைக் கண்டவர்கள் மறப்பதற்கில்லை. கன்னொறுவையிலுள்ள ரணபிம றோயல் கல்லூரியிலும், பின்னர் கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் கற்ற மாணவர் அவர். கையை உயரத் தூக்கி வீசுவது மரபு. இவரோ, காலி மாவட்டத்து லசித் மாலிங்கவைப் போன்று, கையைப் பக்கவாட்டில் தாழ்த்திக் கவண் எறிவது போல வீசுகின்றார். துடுப்பாட்டக்காரன் பழக்கத்தினால் நடுவரின் தலைக்கு மேலே பந்தை எதிர்பார்த்து நிற்பான். பந்து நடுவரின் மார்புக்கு முன்னாலிருந்து புறப்பட்டு வரும். அது எங்கே விழும் என்று கண் கணிப்பதற்குள் காற்பெருவிரலுக்கு அருகே வந்து விழுந்துவிடும். தென்னாபிரிக்காவில் 2020ஆம் ஆண்டு ஜனவரியில் நடைபெற்ற பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டியில், இந்தியாவுக்கெதிராக அவர் வீசிய பந்தொன்றின் வேகத்தை மணிக்கு 175 கிலோமீற்றர் என்று கருவி காட்டியது. கருவி பிழை செய்தது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எனினும் கண்டியில் அந்தக் கருவியை நம்ப விரும்பியவர்கள் கொஞ்சப் பேரல்லர்!

2022ஆம் ஆண்டு சென்னை அணியில் காயமுற்ற அடம் மில்ன் என்ற நியூசிலாந்து வீரருக்குப் பதிலாகப் பத்திரன 20 இலட்சம் ரூபாவுக்கு எடுக்கப்பட்டார். அவ்வாண்டு மே மாதம் குஜராத் அணிக்கெதிராகத் தமது முதற் பந்திலேயே சுப்மன் கில்லை ஆட்டமிழக்கச் செய்தார். அவ்வாண்டு இரண்டு ஆட்டங்கள் மாத்திரமே கிடைத்தன. 2023ஆம் ஆண்டு 12 ஆட்டங்களில் 19 விக்கெட்டுகள். தோனி அவரை இறுதி ஓவர்களுக்கென்றே பொத்திப் பொத்தி வைத்திருந்து பயன்படுத்தினார்; இந்தப் பையன் நீண்ட நாள் ஆட்டங்களை அதிகம் ஆடலாகாது, உடம்பைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்று பகிரங்கமாகவே கூறினார். சென்னை அவ்வாண்டு கிண்ணத்தை வென்றது. 2024இல் ஆறு ஆட்டங்களில் 13 விக்கெட்டுகள். பின்னர் தொடைத் தசையிற் காயம். பருவகாலத்தின் நடுவிலேயே நாடு திரும்பினார். அப்பொழுதும் அவர் விலை அதே 20 இலட்சம். 2025ஆம் ஆண்டுக்குச் சென்னை அவரை 13 கோடி கொடுத்துத் தக்கவைத்தது. அவ்வாண்டு 12 ஆட்டங்களில் 13 விக்கெட்டுகள்; ஆனால் ஓவர் ஒன்றுக்குப் பத்து ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார். முந்திய ஆண்டு எட்டுக்கும் குறைவாகக் கொடுத்தவர் அவர்.

நேயர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்திருப்பீர்கள். 2024இலும் 13 விக்கெட். 2025இலும் 13 விக்கெட். முதலாவதற்குச் சென்னை கொடுத்தது 20 இலட்சம். இரண்டாவதற்குக் கொடுத்தது 13 கோடி. விக்கெட் ஒன்றுக்குச் சரியாக ஒரு கோடி. முந்திய 13 விக்கெட்டுகளுக்கு ஆறு ஆட்டங்களே போதியிருந்தன. பிந்தியவற்றுக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள் வேண்டியிருந்தன. ஒரே வீரன், ஒரே அணி, அறுபத்தைந்து மடங்கு விலை.

இதிலிருந்து நான் அறிவது யாதெனில், விளையாட்டுச் சந்தையில் இலாபம் கிடைப்பது ஒருவனை எவரும் அறியாதபோதுதான். அறிந்தபின் இலாபம் முழுவதும் வீரனுடைய பக்கம் போய்விடுகிறது. அது முறையுந்தான். மூன்று ஆண்டுகள் 20 இலட்சத்துக்கு உழைத்த பையன் பின்னர் 13 கோடி வாங்கினால், பழைய பாக்கியைப் பெற்றான் என்றே சொல்லலாம். ஆனால் பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டியவர் சென்னைக்காரர். கொல்கத்தாக்காரர் எதற்காகக் கொடுக்க வேண்டும்?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை அணியினர் பத்திரனவை விடுவித்தனர். நான்கு ஆண்டுகள் அவரைத் தினமும் பயிற்சியிலே கண்டவர்கள், அவருடைய தோளையும் தொடையையும் மருத்துவர் வாயிலாக அறிந்தவர்கள், "13 கோடிக்கு வேண்டாம்" என்று கை விட்டார்கள். ஒரு மாதங் கழித்து, அவரை வெளியே நின்று பார்த்தவர்கள் 18 கோடி கொடுத்தார்கள். மாட்டுத் தாவணியிலே, மாட்டை வளர்த்தவனே விற்க வந்தால் வாங்குவோன் ஏன் விற்கிறாய் என்று ஒரு தரமாவது கேட்பான். அறிந்தவன் விடுகின்ற பொருளை அறியாதவன் பிடிக்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்பது பொருளியலார் நீண்ட காலமாகச் சொல்லி வருவது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொன்று உண்டு. அமெரிக்காவிலே கடலுக்கடியிலுள்ள எண்ணெய் நிலங்களை அரசாங்கம் ஏலத்தில் விடுவது வழக்கம். அந்நிலங்களை வாங்கிய கம்பனிகள் எதிர்பார்த்த இலாபத்தைப் பெறாதது ஏன் என்று 1971ஆம் ஆண்டு மூன்று எண்ணெய்ப் பொறியியலாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் கண்டது இதுவே: நிலத்தின் அடியில் எவ்வளவு எண்ணெய் உண்டென்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது, பத்துப் பேர் பத்து விதமாக மதிப்பிடுவர், அவர்களுள் எவன் மிகவும் கூட்டி மதிப்பிட்டானோ அவனே ஏலத்தில் வெல்வான். ஆகவே வென்றவன் என்பவன் பெரும்பாலும் தவறிக் கணக்கிட்டவன். கல்யாணச் சந்தையிலும் காணிச் சந்தையிலும் இதை நாம் காணாமலில்லை.

கிரிக்கெட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டைத் தந்ததும் கொல்கத்தா அணியே. 2024 நவம்பரில் வெங்கடேஷ் ஐயர் என்ற தமது பழைய வீரரை 23.75 கோடிக்கு மீண்டும் ஏலத்தில் எடுத்தனர். அடுத்த பருவகாலத்தில் அவர் 11 ஆட்டங்களில் 142 ஓட்டங்களே பெற்றார். அவரை விடுவித்தனர். 2025 டிசெம்பர் ஏலத்தில் பெங்களூர் அணி அவரை 7 கோடிக்கு வாங்கிற்று. ஓராண்டில் மனிதனுடைய ஆற்றல் மூன்றில் ஒன்றாகிவிடுமா? இல்லை. முதல் விலை மிகை. இரண்டாவது விலை பயம்.

ஆனால் அதே கொல்கத்தாவுக்கு எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 2023 டிசெம்பரில் அவுஸ்திரேலிய வேகப் பந்துவீச்சாளர் மிட்செல் ஸ்டார்க்கை 24.75 கோடிக்கு எடுத்தனர். அதுவரை அந்த ஏலத்தில் எவருக்கும் கிடைக்காத தொகை. முதல் இரண்டு ஆட்டங்களிலும் எட்டு ஓவர்கள் வீசி, நூறு ஓட்டங்கள் கொடுத்து, ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை. நாடு முழுவதும் நகைத்தது. ஆயினும் 2024 மே மாதத்தில், தகுதிகாண் ஆட்டத்தில் 34 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட். இறுதியாட்டத்தில் 14 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட். இரண்டிலும் ஆட்ட நாயகன் அவரே. கொல்கத்தா கிண்ணத்தை வென்றது. சித்திரை மாதத்தில் "ஏமாந்தார்கள்" என்று சொன்னவர்கள் வைகாசியில் "விவேகிகள்" என்றார்கள். இடையிலே விலை மாறவில்லை.

விளைவைக் கொண்டு விலையைத் தீர்ப்பிடுவது எளிது. ஆனால் அது முறையன்று. சீட்டில் ஒருவன் மடமையாக ஆடியும் வெல்லலாம். வாங்கிய அன்று அவன் கையில் இருந்த தகவல் என்ன, அவன் பையில் இருந்த பணம் எவ்வளவு, அவனுக்கிருந்த தேவை எது என்ற மூன்றையும் கொண்டே அவனை மதிப்பிடல் வேண்டும்.

தேவையை முதலில் எடுத்துக்கொள்வோம். 2025இல் கொல்கத்தா பத்து அணிகளில் எட்டாவதாக வந்தது. பருவகாலம் முடிந்ததும் தென்னாபிரிக்கரான அன்ரிச் நோர்க்கியே, அவுஸ்திரேலியரான ஸ்பென்சர் ஜோன்சன் ஆகிய வெளிநாட்டு வேகப் பந்துவீச்சாளர் இருவரையும் அது விடுவித்தது. கடைசி நான்கு ஓவர்களை யார் வீசுவது என்ற கேள்விக்கு அவர்களிடம் வெளிநாட்டு விடை எதுவும் இல்லை. அந்தக் கடைசி ஓவர்களே இருபது ஓவர் ஆட்டத்தின் உயிர்நிலை. அங்கே நல்ல துடுப்பாட்டக்காரன் ஒருவன் ஓவருக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ அடிப்பது வழக்கம். எட்டு ஓட்டங்களோடு நிறுத்தக்கூடிய ஒருவன் இரண்டு ஓவர்கள் வீசினால் ஆறு ஓட்டம், எட்டு ஓட்டம் மிச்சப்படும். அது என்ன பெரிய மிச்சம் என்று கேட்பவர்கள் 2024 ஜூலையில் இலங்கைப் பிரீமியர் லீக்கில் நடந்ததை நினைவு கூரலாம். இறுதியாட்டத்துக்குச் செல்ல வேண்டிய ஆட்டத்தில் யாழ்ப்பாண அணி 187 ஓட்டங்கள் எடுத்தது. கண்டி அணி 186 எடுத்தது. ஒரு ஓட்டம். அடுத்த நாள் யாழ்ப்பாணம் காலி அணியை வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது. ஒரு ஓட்டத்தின் விலை என்ன என்று கண்டி மக்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இனிப் பை. இதுவே அந்தப் பேருந்துப் பெரியவருக்குத் தெரிந்திராத பகுதி. பலரும் கவனியாததும் இதுவே. அந்த லீக்கிலே அணிகள் தாம் விரும்பிய அளவு பணத்தைச் செலவிட முடியாது. மொத்த வரம்பு அப்போது 125 கோடியாக இருந்தது. வெங்கடேஷ் ஐயரையும் அன்ட்ரே ரஸ்ஸலையும் விடுவித்ததனால் கொல்கத்தா கையில் மற்றெல்லா அணிகளையும் விட அதிகமாக 64.30 கோடி இருந்தது. நிரப்ப வேண்டிய இடங்கள் 13. அந்த வரம்பிலே செலவிடாது விட்ட பணம் மைதானத்தில் ஒரு பந்தையும் தடுக்காது. சந்தைக்கு வந்தவன் பையில் மிஞ்சிய காசை வீட்டுக்குக் கொண்டுபோய் வேறு தேவைக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தச் சந்தைக்கு வந்தவனுக்கு மிஞ்சிய காசினாற் களத்திலே பயனில்லை. எனவே அங்கே 18 கோடி என்பது உண்மையில் 18 கோடியன்று. அந்தத் தொகையைக் கொண்டு அதே ஏலத்தில் வேறு எவரை வாங்கியிருக்கலாம் என்பதே அதன் மெய்யான விலை. பல நல்ல பந்துவீச்சாளர்கள் அங்கே நின்றிருந்தால் 18 கோடி பெரிய பிழை. கடைசி ஓவர்களை வீசத்தக்க இளம் வேகப் பந்துவீச்சாளர்கள் அன்று வரிசையில் அதிகம் நிற்கவில்லை.

அதே நாளில் கொல்கத்தா, அவுஸ்திரேலியரான கமரூன் கிரீனை 25.20 கோடிக்கு எடுத்தது. இருவருக்கும் 43.20 கோடி; கைப்பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவ்வாறான சிறிய ஏலங்களில் வெளிநாட்டு வீரர் எவரும் 18 கோடிக்கு மேல் கையிற் பெறலாகாது என்று இந்தியக் கிரிக்கெட் சபை விதி செய்திருந்தது. கிரீனுக்கு மேலதிகமாகக் கூறப்பட்ட 7.20 கோடி சபையின் வீரர் நல நிதிக்குச் செல்லும். ஆகவே விலையிலே கிரீன் மேலே. வரவிலே கிரீனும் நமது கண்டிப் பையனும் ஒரே படியில்! ஏலக் கூடத்திற் கூவப்பட்ட எண்ணும் வீட்டுக்கு வரும் எண்ணும் வேறு வேறு என்பதை இதிலும் கண்டுகொள்ளலாம்.

மேலும் ஒன்று. ஏலத்தில் விலையை நிர்ணயிப்பவன் வென்றவன் அல்லன். தோற்றவர்களுள் கடைசியாக விட்டவன். கொல்கத்தா 18 கோடி கூறியது, வேறொருவர் அதற்கு ஒரு படி கீழே வரை வந்து நின்றமையால். கொல்கத்தா மட்டும் தனியே அறிவிழந்தது என்று சொல்வதற்கு இடமில்லை; அறிவிழந்தார்களென்றால் இரண்டு பேராவது இழந்திருக்க வேண்டும். அது நடவாத காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணெய் நிலத்தின் கதையே அதுதானே.

சென்னைக்காரர் விட்டுவிட்டார்கள் என்ற சான்றை நான் மிகப் பெரிதாகவே மதித்திருந்தேன். ஆனால் அதே நாளில் அவர்கள் செய்ததைப் பார்த்தபின் அந்தச் சான்றின் கனம் சற்றுக் குறைந்தது. சர்வதேச ஆட்டம் ஒன்றேனும் ஆடியிராத இரண்டு இந்திய இளைஞர்களை, பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்போரை, ஒவ்வொருவருக்கும் 14.20 கோடி கொடுத்து எடுத்தார்கள். ஒருவருக்கு வயது 20, மற்றவருக்கு 19. நான்கு ஆண்டுகள் சோதித்த பத்திரனவுக்கு 13 கோடி அதிகம் என்று கருதியவர்கள், அந்த லீக்கிற் சோதிக்கப்படாத இளைஞர்களுக்கு அதைவிட அதிகம் கொடுத்தார்கள். அறியாமைக்குத் தான் சந்தையில் எப்பொழுதும் நல்ல விலை போலும்.

கண்டிக்காரருக்கு இந்த விலை ஏற்ற இறக்கம் புதிதன்று. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் உருவான முத்தையா முரளிதரனை 2008ஆம் ஆண்டு முதல் ஏலத்தில் சென்னை அணி 6 இலட்சம் டொலருக்கு எடுத்தது. திரித்துவக் கல்லூரியின் குமார் சங்கக்காரவுக்குப் பஞ்சாப் அணி 7 இலட்சம் கொடுத்தது. அஸ்கிரிய மைதானத்தில் 2007 டிசெம்பரில் ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையைத் தாண்டியவர் முரளிதரன். அதற்குச் சில வாரங்களின் பின் நடந்த ஏலம் அது. 2011இல், டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 38 வயதில், கொச்சி அணி அவருக்கு 11 இலட்சம் டொலர் கொடுத்தது. அந்த அணியே அவ்வாண்டு செப்டெம்பரிற் கலைக்கப்பட்டது. 2012இல் பெங்களூர் அணி அவரை 2 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு எடுத்தது. ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஆண்டு அவர் பத்து ஆட்டங்களில் 15 விக்கெட்டுகள் எடுத்தார். முரளி அதே முரளிதான்; மாறியது எதிரே அமர்ந்திருந்தவர்களின் பயமும் ஆசையும்.

கண்டி அணித் தலைவராயிருந்த வனிந்து ஹசரங்கவின் கதையும் இத்தகையதே. பெங்களூர் அணி 2022இல் அவருக்கு 10.75 கோடி கொடுத்தது. 26 விக்கெட்டுகள் எடுத்துக் கொடுத்தார். 2023 ஆகஸ்டில் இலங்கைப் பிரீமியர் லீக்கில் கண்டி கிண்ணத்தை வென்றபோது, அத்தொடரில் அதிக ஓட்டங்கள் பெற்றவரும் அவரே, அதிக விக்கெட் எடுத்தவரும் அவரே. அவ்வாண்டு அந்த லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் வரம்பு 5 இலட்சம் டொலர். அதில் 92 ஆயிரத்தை ஒருவருக்கே, டில்ஷான் மதுஷங்கவுக்கு, யாழ்ப்பாண அணி கொடுத்திருந்தது. ஏலத்தில் அதுவே உச்ச விலை. அந்த யாழ்ப்பாண அணியை வெளியேற்றிய ஆட்டத்தில் ஹசரங்க 9 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் எடுத்தார். இவ்வளவும் நடந்து நான்கு மாதங்களில் இந்திய ஏலத்தில் அவருக்குக் கிடைத்த விலை 1.5 கோடி. குதிகாற் காயத்தால் அந்தப் பருவகாலம் அவர் ஆடவேயில்லை. ஆகவே அந்த 1.5 கோடியுங்கூட வாங்கினவருக்கு நஷ்டந்தான். மலிவாக வாங்கியவன் ஏமாறமாட்டான் என்பதில்லை.

சரி, என் விடையைக் கூறிவிடுகின்றேன்.

பத்திரன 2023இல் வீசியதைப் போல, 14 ஆட்டங்களும் தவறாது வீசுவாரென்றால், 18 கோடி மிகையன்று. ஆட்டத்துக்கு நான்கு ஓவர் வீதம் 336 பந்துகள். பந்து ஒன்றுக்கு ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேல். அவ்வளவையும் கடைசி ஓவர்களிலே வீச வல்ல ஒருவருக்கு அது பொருந்தும். ஆனால் 2022 முதல் 2025 வரை நான்கு பருவகாலங்களில் அவர் ஆடியது 32 ஆட்டங்கள், 47 விக்கெட்டுகள். நான்கில் ஒன்றிலே காயத்தால் பாதியில் திரும்பினார். இன்னொன்றிலே ஓட்டங்களை அள்ளிக் கொடுத்தார். கவண் எறிவது போன்ற அந்த வீச்சு உடம்பிடமிருந்து பெரிய வரி கேட்கும் வீச்சு. மாலிங்கவின் முழங்காலும் கணுக்காலும் அதற்குச் சாட்சி. இந்த ஆபத்தைக் கழித்துப் பார்த்தால் என் கணக்கில் அவருடைய விலை 13 கோடிக்கும் 14 கோடிக்கும் இடையிலே நிற்கும். எனவே கொல்கத்தா நாலு கோடியளவில் அதிகங் கொடுத்தது என்பதே என் மதிப்பு.

ஆனால் அவர்கள் இழந்தது நாலு கோடியன்று. வேறு பயன் இல்லாத பணத்தில் நாலு கோடி அது. கிரீனை வாங்கிய பின்பும் பைநிறையப் பணத்தோடும் பந்துவீச்சில் ஓர் ஓட்டையோடும் அமர்ந்திருந்த அணிக்கு, அதிகம் கொடுப்பதே மலிவான வழியாயிற்று. டில்லியோ லக்னோவோ அதே விலையைக் கொடுத்திருந்தால் நான் இதைச் சொல்லமாட்டேன். அவர்கள் கையில் அவ்வளவு மிச்சம் இல்லை. அவர்களுக்கு அந்த நாலு கோடி வேறொரு வீரன்.

அதிகங் கொடுத்ததன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை மாத்திரம் அந்தப் பெரியவர் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அணிக்காரர் அடுத்த ஆண்டு விடுவித்துவிட்டு வேறொருவரைத் தேடுவர். 20 இலட்சத்துக்கு ஆடியபோது பத்திரன ஓர் ஓவரில் பதினைந்து ஓட்டம் கொடுத்தால், "பிள்ளை, பழகட்டும்" என்றார்கள். 18 கோடிக்கு ஆடும்போது அதே பதினைந்து ஓட்டம் திருட்டுப் போலப் பேசப்படும். தொடையிலே சிறிய வலி வந்தால் அதைச் சொல்லவும் தயக்கம் வரும். சொல்லாவிட்டால் வலி பெரிதாகும். வலியைச் சொல்லி இரண்டு ஆட்டம் உட்கார்ந்திருக்க ஒரு பையனுக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, மைதானத்தில் நின்று பிள்ளைகளைப் பயிற்றுபவர்கள் அறிவார்கள்.

அடுத்த முறை கட்டுகஸ்தோட்டைப் பேருந்தில் அந்தப் பெரியவரைக் கண்டால், கணக்கு அவருக்குத் தெரியாமலில்லை என்று சொல்லப்போகின்றேன். பத்திரிகையில் வந்தது கணக்கின் ஒரு வரி மாத்திரமே. மற்ற வரிகளை அவர் பார்க்க வாய்ப்பில்லை. அவர் அதையும் நம்பாமல், "அப்படியென்றாலும் அறுபது கோடி, அறுபது கோடிதானே தம்பி" என்பார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. மகாவலிப் பாலத்தடியில் அவர் இறங்கிக்கொள்வார்.